கொழும்பு மணியும் கணினியின் பெயர்ப்பட்டியலும்

கணினிக்கு விநாடிகளை எண்ண மட்டுமே தெரியும். அந்த எண்ணிக்கை எந்த ஊரில் எத்தனை மணி என்பதை அது ஒரு பட்டியலைப் பார்த்தே அறிகின்றது. அதிலே நமது இலங்கைக்கு வாய்த்த பெயர் 'ஆசியா/கொழும்பு'. 1996 மே 25இல் மின்சாரத்தைச் சேமிக்கவென நாம் மணிக்கூட்டு முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும், அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்ததும், 2006 ஏப்பிரில் 15இல் மீண்டும் பழைய நேரத்துக்கே திரும்பியதும் அப்பெயரின் கீழ்ப் பதிவாகியுள்ளன.

திரையிலே தோன்றும் பெயரோ வேறொரு பட்டியலிலிருந்து வருவது. நாம் கொழும்பைத் தெரிந்தெடுத்தாலும் சில கருவிகள் 'இந்திய நியம நேரம்' என்று காட்டுவது அதனாலேயே. இரு நாடுகளின் மணியும் இன்று ஒன்றாதலின் ஒரு பெயரே போதும் என்பது பட்டியலிட்டோரின் எண்ணம் போலும்! விண்டோஸ் 'ஸ்ரீ ஜயவர்த்தனபுர' என்கின்றது.

ஆனால், 1996 முதல் 2006 வரை வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டிருந்தன. 2003இல் வவுனியாவில் எட்டரை மணியாகும்போது கிளிநொச்சியில் எட்டு. அந்த அரை மணிக்குப் பட்டியலில் தனிப்பெயர் இல்லை. அன்று கிளிநொச்சியிலிருந்து எழுதப்பட்ட மின்மடலையும் கணினி கொழும்பு மணியிலேயே காட்டுகின்றது.