அப்பீல் போட்டதற்காக அமீனா திரும்பிப் போகமாட்டார்

"அண்ணாச்சி, அப்பீல்தான் போட்டாச்சுல்லா, பொறவு எப்படி அமீனா வாசல்ல வந்து நிக்காரு?"

சாத்தான்குளம் பக்கத்து வக்கீல் குமாஸ்தாக்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது. மேல்கோர்ட்டுக்குப் போய்விட்டாலே கீழ்க்கோர்ட் தீர்ப்பு செல்லாக்காசாகிவிடும் என்றுதான் ஊரில் பேச்சு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 வேறு மாதிரி சொல்கிறது. மேல்முறையீடு தாக்கலானதாலேயே தீர்ப்பை நிறைவேற்றுவது நிற்காது. தடை உத்தரவை (ஸ்டே) தனி மனு போட்டு, காரணம் காட்டி வாங்க வேண்டும். அந்த இடைவெளியில் வீட்டுக்காரர் நிறைவேற்று மனு (இ.பி.) போட்டு, இடத்தை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி உத்தரவு வாங்கிவிட்டால், கோர்ட் ஊழியரான அமீனா வரத்தான் செய்வார்.

அதற்கு முன்னால், எந்தக் கோர்ட்டில் அப்பீல்? இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பார். அவரே சென்னையில் மளிகைக் கடைக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார். இங்கே வாதி, அங்கே எதிர்மனுதாரர். இரண்டு வழக்குக்கும் சட்டம் ஒன்றல்ல, போகவேண்டிய படியும் ஒன்றல்ல.

சென்னைக் கடைக்கு 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தில், நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டம் நடக்கிறது. அதன்படி வெளியேற்ற உத்தரவு போடுவது வாடகை நீதிமன்றம். மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்கு, 30 நாளைக்குள். பழைய சட்டம் நடப்பில் இருந்தபோதே தொடங்கி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும் வழக்குகள் பழைய வழியிலேயே போகும். அவற்றில் மேல்முறையீட்டுக்கு 15 நாள்தான். புதுச் சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. கிராம ஊராட்சியில் உள்ள வீடு என்றால் 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். முன்சீப் கோர்ட்டில் சாதாரண உரிமையியல் வழக்கு. அந்தத் தீர்ப்பின் மீது சார்பு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கோயில் கடை, புறம்போக்கு இடம் என்றால் சமாச்சாரமே வேறு. அங்கே உத்தரவு போடுவது அறநிலையத் துறையோ வருவாய்த் துறையோ, பெரும்பாலும் கோர்ட்டே அல்ல. ஆகவே உத்தரவின் முதல் பக்கத்தில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பார்க்காமல் அப்பீல் பேச்சை எடுப்பது வீண்.

வழக்குக்குப் போகாமலே இருந்து, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்திருந்தால்? தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டில் கட்டளை 9, விதி 13-ன்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கும் 30 நாள். சம்மன் வந்ததே தெரியாது என்பவர்களுக்கு, பெரிய கோர்ட்டைவிட இந்த வாசலே முதலில் பயன்படும்.

எந்தச் சட்டம் என்பது வெறும் முகவரி விஷயமும் அல்ல. அப்பீலில் எதைப் பேசலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. "முறையான நோட்டீஸ் தரவில்லை" என்பது வாடகைதாரர் தரப்பு வெகுகாலம் கையாண்ட வாதம். தமிழ்நாட்டிலிருந்து போன தனபால் செட்டியார் வழக்கில் 1979-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு அதற்கு முடிவு கட்டியது: வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்றம் கேட்க, சொத்து மாற்றுச் சட்டம் 106-வது பிரிவின் நோட்டீஸ் தேவையில்லை. ஊர் வீட்டு வழக்கில் அந்த நோட்டீஸ் இன்றும் வேண்டும். ஆனால் அங்கேயும் 2002 கடைசியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நோட்டீஸில் குறித்த நாள் குறைந்துபோனது என்ற ஒன்றை மட்டும் வைத்து வழக்கைக் கவிழ்க்க முடிவதில்லை. பழைய அப்பீல் மனுவை அப்படியே பெயர் மாற்றித் தட்டச்சு செய்கிறவர்கள் இதைக் கவனித்தால் கட்சிக்காரருக்குப் புண்ணியம்.

இனி நாள் கணக்கு. சான்றிட்ட நகலின் பின்பக்கம் ஒரு முத்திரை இருக்கும். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று அடுக்காகத் தேதிகள். பலர் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்பீலின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. நகல் வாங்க ஆகும் காலத்தைக் காலவரையறைச் சட்டம் 12-வது பிரிவு கழித்துக் கொடுக்கிறது. முன்சீப் கோர்ட் தீர்ப்பு ஜூன் 1 என்றால் 30-வது நாள் ஜூலை 1. ஜூன் 20-ல் நகல் மனு போட்டு ஜூலை 4-ல் நகல் தயாரானால் அந்த 15 நாள் கூடும். ஜூலை 16 வரை நேரம். மனு போடாமல் விட்ட நாளுக்கும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாளுக்கும் சலுகை இல்லை.

நாள் கடந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான். ஆனால் சார்பு நீதிமன்ற அப்பீலில் கட்டளை 41, விதி 3-அ ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது: தாமதமாக வந்த அப்பீலை விசாரணைக்கு ஏற்பதென்று கோர்ட் முடிவு செய்யும்வரை ஸ்டே கிடையாது. வீட்டுக்காரர் அதற்குள் வேலையை முடித்துவிடலாம். இன்னொரு பக்கம், தீர்ப்பு சொன்ன கோர்ட்டே, அப்பீல் கெடு முடியும் முன் கேட்டால், தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். இந்த வசதியைக் கேட்கிறவர்கள் குறைவு.

ஜெயித்த வீட்டுக்காரரும் சும்மா இருக்க வேண்டாம். மேல்கோர்ட்டில் கேவியட் போட்டுவைத்தால் 90 நாளைக்கு, தனக்குத் தெரியாமல் ஸ்டே வாங்கிவிடுவார்களோ என்ற பயம் இல்லை.

ஸ்டே இலவசமும் அல்ல. ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வெளியேற்ற உத்தரவுக்குத் தடை கொடுக்கும்போது, பழைய வாடகையோடு விடாமல், அந்த இடம் இன்று என்ன வாடகைக்குப் போகுமோ அதையொட்டிய தொகையைக் கட்டச் சொல்லலாம். இது சரி என்றே எனக்குப் படுகிறது. அற்ப வாடகையில் அப்பீலைப் பத்து வருஷம் ஓட்டுவது ஒரு தொழிலாகவே இருந்தது.

சார்பு நீதிமன்றத்திலும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. அதுவும் கணிசமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான். மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ல் திறக்கும் வரை இதற்காக முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறவேண்டியிருந்தது. வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்கு இரண்டாம் அப்பீலே இல்லை. அரசமைப்புச் சட்டம் 227-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பு அதிகாரத்தைத்தான் நாட வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று நாளைக் கடத்தாதீர்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள். போகும்போது தீர்ப்பு நகலையும், வாடகை கட்டிய ரசீதுகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.