பெயர் தெரியாத மாமரம்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பழைய வீட்டை வாங்குகிறவர்களுக்குக் கொல்லையில் ஒரு மாமரமும் சேர்ந்து கிடைப்பது நம் ஊர்களில் சகஜம். கோடையில் காய் பழுத்ததும் ‘இது என்ன ரகம்?’ என்ற கேள்வி எழும். பழத்தைக் கைபேசியில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினால் நாலு பெயர் வரும். ஒருவர் பங்கனப்பள்ளி என்பார், இன்னொருவர் இமாம்பசந்த் என்று சத்தியம் செய்வார், மூன்றாமவர் வெறும் நாட்டு மாங்காய் என்று தள்ளிவிடுவார். இவர்களில் ஒருவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எல்லோருமே பழத்தின் ஜாடையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்; மரம் எப்படிப் பிறந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒட்டில் வந்ததா, கொட்டையில் முளைத்ததா என்று தெரியாதவரை எந்த ரகப் பெயரும் வெறும் ஊகம்தான். அந்த ஊகம் பல நல்ல மரங்களுக்குக் கேடாக முடிகிறது என்பதால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மாவில் ரகம் என்று நாம் சொல்வது அடிப்படையில் ஒரே ஒரு மரத்தை. எப்போதோ, எங்கோ கொட்டையிலிருந்து முளைத்த ஒரு மரம் நன்றாகக் காய்த்திருக்கும். அதன் குச்சியை வெட்டி வேறொரு கன்றில் ஒட்டினார்கள். அந்த ஒட்டிலிருந்து இன்னொரு ஒட்டு, அதிலிருந்து இன்னொன்று. இன்று தோப்புத் தோப்பாக நிற்கும் பங்கனப்பள்ளி அனைத்தும் இப்படிக் குச்சி வழியே நீண்டுவந்தவை. கொட்டையின் கதை வேறு. மாம்பூவில் ஈக்களும் மற்றப் பூச்சிகளும் மகரந்தம் மாற்றுகின்றன. பக்கத்து வீட்டு மரமும் தகப்பனாகலாம். எனவே மல்கோவாவைத் தின்றுவிட்டு எறிந்த கொட்டையில் முளைப்பது மல்கோவா அல்ல, மல்கோவாவின் பிள்ளை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா? டில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நீலத்தையும் தசேரியையும் இணைத்து 1970-களில் இரண்டு ரகங்களை வெளியிட்டது. ஒன்று மல்லிகா, மற்றது ஆம்ரபாலி. இரண்டுக்கும் பெற்றோர் அதே இருவர்தான். எது தாய், எது தந்தை என்பதுதான் மாறியது. மல்லிகாவின் பழம் பெரியது. ஆம்ரபாலியோ குட்டை மரம், சிறிய பழம், ஆழ்ந்த ஆரஞ்சு நிறச் சதை. பெற்றோரை விஞ்ஞானிகளே தேர்ந்தெடுத்துச் சேர்த்தபோதே பிள்ளைகள் இவ்வளவு விலகிப் போகின்றன என்றால், குப்பைமேட்டில் தானாக முளைத்த கன்றுக்குத் தாயின் பெயரைச் சூட்ட என்ன நியாயம் இருக்கிறது?

ஆகவே ஆராய்ச்சி பழத்தில் அல்ல, அடிமரத்தில் தொடங்க வேண்டும். ஒட்டு மரமாக இருந்தால் தரைக்குச் சற்று மேலே, பெரும்பாலும் ஒரு சாணுக்குள், பட்டையில் ஒரு மாற்றம் தெரியும். கீழ்ப்பட்டை ஒரு சொரசொரப்பில் இருக்கும், மேல்பட்டை வேறு மாதிரி இருக்கும். இடையில் ஒரு புடைப்போ, சாய்வான தழும்போ, மேலும் கீழும் பருமன் மாறுவதோ காணப்படும். அடியில் மண் அணைத்திருந்தால் அதைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வயதான மரத்தில் தழும்பு மறைந்தும் போயிருக்கலாம். அப்போது மரத்தின் உருவம் கொஞ்சம் துணை செய்யும். விதை மரம் பொதுவாக ஒற்றை நடுமரமாக உயர்ந்து மேலே போய்க் கிளைக்கும். ஒட்டு மரம் தாழ்விலேயே கிளைத்துப் பரவும். கவாத்து செய்தவர் கை இரண்டையும் மாற்றியிருக்கலாம் என்பதால் உருவத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய தளிர். கன்று வாங்கி நட்ட இரண்டொரு ஆண்டில் மேல்குச்சி பட்டுப்போய், அடிக்கன்று தழைத்து மரமாகிவிடுவது உண்டு. சீட்டில் இமாம்பசந்த் என்று இருக்கும். காய்ப்பது அடிக்கன்றுக்காகப் போட்ட ஏதோ ஒரு நாட்டுக் கொட்டையின் காய். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டுக்காரர் நினைப்பார். ஏமாற்று நடப்பதே இல்லை என்று சொல்லவில்லை. அடிமரத்தைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது என்கிறேன்.

விதை மரம் என்று உறுதியானால் ரகப் பெயர் கிடையவே கிடையாதா என்றால், இங்கே ஒரு விலக்கு உண்டு. சில மா ரகங்களின் கொட்டைக்குள் ஒரே கருவுக்குப் பதிலாகப் பல கருக்கள் இருக்கும். மகரந்தச் சேர்க்கையில் பிறக்கும் கரு ஒன்றுதான். மற்றவை தாயின் திசுவிலிருந்தே உருவாகி, தாயை அப்படியே உரித்துவைத்தாற்போல் வளர்பவை. கேரளக் கரையோரத்து ஒளூர், சந்திரக்காரன், முவாண்டன் முதலியவை இந்த இனம். தென்கிழக்கு ஆசியாவிலும் இப்படிப்பட்டவை மிகுதி. நீலம், பங்கனப்பள்ளி, மல்கோவா, கிளிமூக்கு போன்ற நம் தோப்பு ரகங்கள் ஒற்றைக் கருவைக் கொண்டவை. இதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். கொட்டையின் நார் ஓட்டை விளிம்போடு பிளந்து உள்ளிருக்கும் பருப்பை எடுங்கள். ஒற்றைக் கரு என்றால் மொச்சையைப்போல் இரண்டு பருப்புகளாகப் பிரியும். பல கரு என்றால், ஒழுங்கற்ற பல துண்டுகள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருக்கும். மெல்லப் பிரித்தால் தனித்தனியே வரும். விதைத்தும் பார்க்கலாம். ஆனால் ஒரே முளை அடியில் கிளைத்து இரண்டாகத் தெரிவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வேர் இருந்தால்தான் அது பல கரு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷமும் ஒரு கத்தியும் போதும். ஆயினும் பெயர் கேட்கிறவர்களில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

ஒட்டு என்று தெரிந்த பிறகுதான் பழத்துக்கு வர வேண்டும். அங்கேயும் எதைப் பார்ப்பது என்பதில் தெளிவு வேண்டும். நிறமும் எடையும் எளிதில் ஏமாற்றுபவை. வெயில் பட்ட பக்கம் சிவக்கும், நிழல் பக்கம் பச்சையாகவே நிற்கும். காய்ப்பு அதிகமான வருஷத்தில் காய் சிறுக்கும். இளமரத்தின் முதல் காய்ப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வடிவம் அவ்வளவு சுலபமாக மாறாது. காம்பு இறங்கும் இடம் குழிவா மேடா, தோள்களில் எது உயர்ந்தது, நுனியில் மூக்கு உண்டா, மூக்குக்கு மேலே பள்ளம் விழுகிறதா, தோலில் புள்ளிகள் எப்படி, கொட்டையில் நார் எங்கே அடர்த்தி என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கே. சி. நாயக்கும் எஸ். ஆர். கங்கோலியும் தென்னிந்திய மாங்கனிகளை வகைப்படுத்தி 1950-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இத்தகைய நுணுக்கங்களை அடுக்கித்தான் ரகங்களைப் பிரித்தது. பழத்தோடு நிற்காமல், தளிர் விடும்போது அது செம்பு நிறமா வெளிர் பச்சையா, பூங்கொத்தின் தண்டு சிவந்திருக்கிறதா, எந்த மாதத்தில் பழுக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். செந்தூராவும் பங்கனப்பள்ளியும் முடிந்த பிறகும் நீலம் சந்தையில் இருக்கும். ஆக, ஒரு மரத்தை அடையாளம் காண ஒரு முழு ஆண்டு அதன் கூடவே இருக்க வேண்டும். ஒரு படத்தால் ஆகிற காரியமில்லை. பெயர்களே செய்யும் குழப்பம் வேறு. கிளிமூக்கும் பெங்களூராவும் தோத்தாபுரியும் ஒன்றே. பங்கனப்பள்ளிக்கு பெனிஷான், சபேதா என்றும், அல்போன்சாவுக்கு பாதாமி, காதர் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். நாலு பேர் நாலு பெயர் சொன்னாலும் அதில் இருவர் ஒரே பழத்தைச் சொல்லியிருக்கக்கூடும்.

இவ்வளவு எதற்கு, அனுபவம் உள்ள தோட்டக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். உண்மை, சொல்வார்; அவர் வட்டாரத்தில் விற்கும் பத்துப் பன்னிரண்டு ஒட்டு ரகங்களுக்குள் அவர் கண் தவறுவது அபூர்வம். ஆனால் அந்தத் திறமை, மரம் அந்தப் பத்துப் பன்னிரண்டில் ஒன்று என்ற நிச்சயத்தின் மேல் நிற்கிறது. விதை மரத்தின் முன் அவரை நிறுத்தினால், இருக்கிற பெயர்களில் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துத்தான் ஒட்டவைப்பார். இன்னொரு தரப்பு, மரபணுச் சோதனை இருக்கும்போது மூக்கையும் தோளையும் அளப்பானேன் என்று கேட்கும். மரபணுச் சோதனை சக்தி வாய்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் அதுவும் கையில் இருக்கும் ரகங்களின் பதிவோடு ஒப்பிட்டுத்தான் பேசும். உங்கள் மரம் தனிப்பிறவி என்றால் ‘பொருந்தவில்லை’ என்பதே பதிலாக வரும். பெற்றோர் யார் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். முதலில் கேட்ட அதே கேள்விக்குத்தான், ஒட்டா விதையா என்பதற்குத்தான், அதுவும் நம்மைத் திருப்பி அனுப்புகிறது.

ருசியாக இருந்தால் தின்ன வேண்டியதுதானே, பெயரில் என்ன இருக்கிறது என்ற ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது. தின்பதற்குப் பெயர் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். மரத்தை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்ற முடிவை எடுக்கும்போது பெயர் உள்ளே வந்துவிடுகிறது. தவறாகப் பங்கனப்பள்ளி என்று பெயர் சூட்டப்பட்ட விதை மரம் ‘மட்டமான பங்கனப்பள்ளி’ ஆகிவிடும். மாடி கட்ட இடம் தேவைப்படும்போது முதலில் கோடாரி விழுவது அதன் மேல்தான். அது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்திருந்தால் யாரும் ஒருமுறை யோசிப்பார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து முல்கோபா என்ற பெயரில் அங்கே போன மரத்தின் கொட்டையை ஹேடன் என்ற ராணுவ அதிகாரி 1902-இல் நட்டார். அது 1910-இல் காய்த்தது. காய் தாயைப் போல் இல்லை. தாயின் பெயரால் அதை அழைத்துத் தரம் குறைந்த முல்கோபா என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் அதைத் தனி மரமாகப் பார்த்து ஹேடன் என்றே பெயரிட்டார்கள். 2006-இல் வெளியான மரபணு ஆய்வு, புளோரிடாவின் ரகங்கள் பலவும் ஒருசில மூதாதைகளிலிருந்து வந்தவை என்று காட்டியது. அந்த மூதாதைகளுள் சாண்டர்ஷா என்ற பெயரில் கடல் கடந்த நம் கிளிமூக்கும் ஒன்று. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலத்தில் பல்லாண்டாக நின்றிருந்த பலா மரம் ஒன்று, சிறிய பழமும் செம்பு நிறச் சுளையும் கொண்டது. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து ‘சித்து’ என்று தனிப் பெயரிட்டு, ஒட்டுக் கன்றுகளாகப் பெருக்க வழி செய்தது. பழைய பெயர் ஒன்றில் அதை அடைக்காமல் விட்டதுதான் அந்த மரத்துக்குக் கிடைத்த வாழ்வு. விவசாயிகள் பாதுகாத்துவரும் ரகங்களை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமும் இடம் கொடுக்கிறது.

எனவே ஒட்டுத் தழும்பு இல்லாத, ஒற்றைக் கரு உள்ள, நல்ல காய்ப்பும் ருசியும் கொண்ட மரம் உங்கள் கொல்லையில் நின்றால், சந்தைப் பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். ஊர் பெயரையோ வீட்டின் பெயரையோ வைத்துத் தற்காலிகமாக அழையுங்கள்; பழம், கொட்டை, தளிர், பூ ஆகியவற்றின் குறிப்பை மாதவாரியாக எழுதிவையுங்கள். அதற்கும் முன்னால் அதன் குச்சியை இன்னொரு கன்றில் ஏற்றிவிடுங்கள், ஏனென்றால் ஒற்றை மரம் ஒரு புயலில் போய்விடும். மூன்று நான்கு மாதம் முற்றிய, பூக்காத நுனிக்குச்சியைத் தேர்ந்தெடுங்கள். வெட்டுவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னதாக இலைகளைக் காம்பு மட்டும் மிஞ்சும்படி நறுக்கிவிட்டால் நுனி மொட்டு பருத்து வரும். மழைக்காலத்து ஈரக் காற்றில் மென்தண்டு ஒட்டாகக் கட்டினால் பிடிக்கும். ஒரு கன்று வீட்டில் இருக்கட்டும், இரண்டாவதை வேறு தெருவில் இருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள்.