மேஜை மேல் ஒரு பம்ப்செட்!

சிங்காநல்லூர்க்காரர்களுக்கு மோட்டார் சத்தம் தாலாட்டு மாதிரி. ஆனால், ராத்திரி பத்து மணிக்கு அது கம்ப்யூட்டரிலிருந்து வந்தால்? வீட்டில் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அதுதான் ஆபீஸ் நேரம். குழந்தைக்கோ தூங்குகிற நேரம்!

'புதுசு வாங்கிடுங்க' என்றார் கடைக்காரர். மெக்கானிக் அண்ணன் கேபினெட்டைத் திறந்தார். "ஏனுங்க, உள்ளே மில்லு ஓட்டறீங்களா?"

பிராசஸர் மேலிருக்கும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு! சூடு வெளியேற வழியில்லாமல்தான் ஃபேன் தலைதெறிக்க ஓடியிருக்கிறது.

இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதினார் (சுழலவிட்டு ஊதினால் பேரிங் கெடுமாம்). காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணியளவு புதுசு வைத்தார். கேபினெட்டின் 80 மில்லிமீட்டர் ஃபேன் போய் 120 வந்தது. பெரியது மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். ஒரு ஃபேனின் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும், சும்மாவா!

இப்போது சீலிங் ஃபேன் கிறீச்சிடுவதுதான் கேட்கிறது. "அது எலெக்ட்ரீஷியன் வேலைங்க" என்று கழன்றுகொண்டார் அண்ணன்.