நகரப் போக்குவரத்தும் கணக்கில் வராத உழைப்பும்

நகரப் போக்குவரத்தை ஆராய்வோர் நெடுங்காலமாக ஒரு பயணத்தையே மையமாகக் கொண்டுள்ளனர். காலையில் வீட்டினின்றும் வேலைத்தலத்திற்குச் செல்லுதலும் மாலையில் மீளுதலுமே அது. அஃது கூலியுழைப்பின் பயணமாகும். பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, வேலைக்குச் சென்று, திரும்பும் வழியிற் சந்தையையும் நோயுற்ற தாயையும் கவனித்து வீடு சேரும் பெண்ணின் பயணமோ 'கொள்வனவு', 'துணைசெல்லல்', 'சொந்த அலுவல்' எனப் புள்ளிவிபரங்களிற் சிதறிவிடுகின்றது. சிதறியவை அற்பமாகத் தோன்றுவது இயல்பே. இவற்றை ஒன்றுதிரட்டிப் 'பராமரிப்புப் பயணம்' என்னும் தனிவகையாகக் கணிக்க வேண்டுமென ஸ்பானிய ஆய்வாளர் இனெஸ் சான்செஸ் டி மடரியாகா வற்புறுத்தியமை இதனாலேயே முக்கியத்துவம் பெறுகின்றது.

இது வெறும் பெயரிடும் பிரச்சினையன்று. வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தியோடு மனிதரது மறுஉற்பத்தியையும் வரலாற்றை நிர்ணயிக்கும் காரணியாக எங்கெல்ஸ் 1884 இல் எடுத்துரைத்தார். இன்றைய உழைப்பாளியை மறுநாளுக்கு ஆயத்தப்படுத்துவதும் நாளைய உழைப்பாளியை வளர்ப்பதும் கூலியின்றியே நடைபெறுகின்றன. கூலி பெறாத உழைப்பு கணக்கில் இடம்பெறாதபோது, அதன்பொருட்டு நிகழும் பயணமும் கணக்கில் இடம்பெறாது போகின்றது.

இவ்விடத்து வியன்னாவின் அனுபவத்தை நோக்குதல் பயனுடைத்து. 1919 முதல் 1934 வரை சமூக ஜனநாயகவாதிகளின் ஆட்சியிலிருந்த அந்நகரம், தொழிலாளர் குடியிருப்புகளோடு பொதுச் சலவையகங்களையும் பாலர் பாடசாலைகளையும் இணைத்துக் கட்டியது. 1930 இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மனை அதற்குச் சான்று. பராமரிப்பின் ஒரு பகுதி அங்கு குடும்பத்தின் பொறுப்பினின்றும் நகரத்தின் பொறுப்பாயிற்று. 1934 இற் பாசிசம் அம்முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

1991 இல் அந்நகரிற் பெண்களின் அன்றாட நகர வாழ்வை விளக்கும் கண்காட்சியொன்று நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து, பெண் கட்டடக் கலைஞர்கள் திட்டமிட்ட குடியிருப்பொன்று 1997 இல் நிறைவுற்றது. பாலர் பாடசாலை அதனுள்ளேயே அமைந்தது. குழந்தைத் தள்ளுவண்டிகளை நிறுத்த மாடிதோறும் இடம் ஒதுக்கப்பட்டது. பயணத்தை விரைவாக்குவது ஒரு வழி. பயணத்தின் தேவையையே குறைப்பது பிறிதொரு வழி. இங்கு பின்னையதே மேற்கொள்ளப்பட்டது.

இக்குடியிருப்பு பொதுவுடைமையாளரான மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கியின் பெயரைத் தாங்கி நிற்பது சிந்தனைக்குரியது. 1926 இல் அவர் வடிவமைத்த பிராங்பேர்ட் சமையலறை, பெண் வீணே நடக்கும் அடிகளைக் குறைத்தது. ஆயினும் அச்சிறிய அறை ஒருவர் நின்று வேலை செய்வதற்கே போதியதாயிருந்தது. அந்த ஒருவர் பெண்ணாகவே இருந்தார். வேலை இலகுவாயிற்று, வேலைப் பிரிவினை மாறவில்லை.

நகரத் திட்டமிடலும் இதே முரண்பாட்டை எதிர்நோக்குகின்றது. அகன்ற நடைபாதையும் சாய்தளமும் சுமையைத் தாங்கத் துணைசெய்யும். சுமை யாருடையது என்ற வினாவை அவை எழுப்பமாட்டா. மிஞ்சும் ஒரு மணி நேரத்தையும் குறைகூலி வேலையொன்று விழுங்கிவிடலாம். இதனாற் சீர்திருத்தங்கள் வீணென நாம் கொள்ளவில்லை. தள்ளுவண்டியோடு படிக்கட்டின் முன் நிற்பவளுக்குச் சாய்தளம் இன்றே வேண்டும். ஆனால் பராமரிப்பைச் சமூகத்தின் பொதுப்பொறுப்பாகவும் ஆணின் கடமையாகவும் ஆக்கும் போராட்டத்தின் ஒரு கட்டமாகவே அதனைக் காண்டல் வேண்டும். கணக்கிற் சேர்த்தல் அப்போராட்டத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று.