தந்த வயலினும் அயர்லாந்து மெட்டும்

1834ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், தம் அவைக் கலைஞர் வடிவேலுவுக்கு யானைத் தந்தத்தால் இழைத்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கொடுத்தவரும் வாங்கியவரும் இருபதைத் தாண்டியிருந்த இளைஞர்கள். திருவனந்தபுரத்தில் தந்தத்தைச் செதுக்கும் கைகளுக்கு அன்று பஞ்சமில்லை. ஆனால் அந்த வாத்தியம் புதிது. கர்நாடக இசைக்குள் அது வந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது.

அதைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு திருவாரூர்க் குடும்பம் ஒன்றுக்கு உண்டு. ராமசுவாமி தீட்சிதர் தம் மகன்கள் முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி ஆகியோருடன் சென்னையை அடுத்த மணலிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் நெருக்கமான தொடர்பு இருந்தது. அந்தச் செல்வாக்கால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியம் இந்தச் சகோதரர்களின் காதில் விழுந்தது. கடைக்குட்டி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார்.

கோட்டையில் ஒலித்தது ஆங்கிலேயர் இசை மட்டுமல்ல. கம்பெனிப் படையில் ஸ்காட்லாந்துக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் ஏராளம். அவர்களோடு அவர்கள் ஊர் நடன மெட்டுகளும் கப்பலேறி வந்தன. அவற்றில் ‘ஜிக்’ என்பது தகிட தகிட என்று துள்ளும். ‘ரீல்’ தகதிமியில் ஓடும். லயம் ஊறிய காதுகளுக்கு இவை அந்நியமாகப் பட்டிருக்காது. மேலை நாட்டார் ‘மேஜர்’ என்னும் ஸ்வர வரிசையோ நம் சங்கராபரணத்தின் அதே ஏழு ஸ்வரங்கள்தான்.

முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளை எடுத்து, தெய்வங்களைத் துதிக்கும் சமஸ்கிருதச் சொற்களை அவற்றில் பொருத்தினார். ஏறக்குறைய 40 உருப்படிகள் கிடைக்கின்றன. நோட்டுஸ்வரங்கள் என்று வழங்குகின்றன. ‘ஜகதீச குருகுஹ’ என்பது ‘லார்டு மெக்டொனால்டு’ என்ற ஸ்காட்லாந்து ரீல். ‘வந்தே மீனாக்ஷி’ என்று மதுரை அம்மனைப் பாடுவது ‘லிமெரிக்’ என்ற அயர்லாந்து மெட்டில். பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் ‘ஸந்ததம் பாஹிமாம்’ ஆகிவிட்டது. ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் கமகம் ஒன்றையும் அவர் ஏற்றவில்லை. ஒரு ஸ்வரத்தைக்கூட அசைக்காமல் மெட்டை மெட்டாகவே விட்டுவைத்தார். கமகத்தின் ஆழத்தை அவரளவுக்கு அறிந்தவர் சிலரே என்பதை நினைத்தால், இந்தத் தன்னடக்கம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும். குழந்தைப் பாடம் என்று ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல இவை.

வாத்தியத்துக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. மெட்டு மாறாமல் நின்றது, வயலின் முற்றிலும் நம்முடையதாக மாறியது. நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசித்ததைச் சம்மணமிட்டு அமர்ந்து, மார்புக்கும் பாதத்துக்கும் இடையில் நிறுத்தி வாசித்தார்கள். தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்தார்கள். இடது கை தந்தியில் வழுக்கி ஓடத் தொடங்கியதும் வாய்ப்பாட்டின் கமகமெல்லாம் வில்லில் வந்துவிட்டது.

தீட்சிதரிடம் பயின்றவர்களே சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர். இதுவும் அண்ணன் தம்பிகள் சேர்ந்த குடும்பம். குருவைப் போற்றி ‘நவரத்தினமாலை’ இயற்றிய இவர்களில் சின்னையா மைசூருக்குப் போக, வடிவேலு திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். வயலின் தெற்கே வந்த வழிகளில் இது முக்கியமானது. சுவாதித் திருநாள் அங்கே கட்டிய குதிரைமாளிகை அரண்மனையில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் இசை விழாவில் இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

கடல் கடந்து வந்த மெட்டின் மேல் இருந்த ஆசையும் அற்றுப்போகவில்லை. திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கி, இன்று சுவாதித் திருநாள் பெயரைத் தாங்கும் இசைக்கல்லூரியின் முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவர் அமைத்த ‘இங்கிலீஷ் நோட்’ மதுரை மணி ஐயரின் குரலில் புகழ்பெற்றது. அவர் கச்சேரியின் கடைசியில் அதைக் கேட்காமல் ரசிகர்கள் எழுந்ததில்லை. அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன், நோட்டுஸ்வரங்களின் கெல்டிக் (ஸ்காட்லாந்து, அயர்லாந்து) வேர்களைத் தேடிச் சென்று, தம் மகளைப் பாடவைத்து ‘விஸ்மயா’ என்ற இசைத்தொகுப்பாக வெளியிட்டார்.