அக்காவின் சீட்டுப் பணமும் அல்ட்ரா புல்லும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரும் காபியுமாக உட்கார்ந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, இவன் கம்ப்யூட்டர்ல கேம் திக்கித் திக்கி ஓடுதாம். புதுசா கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் சரியாகுமாம். 30,000 ரூபாய் கேக்கறான். சீட்டு எடுத்த பணம் இருக்கு... குடுக்கலாமாடா?"

காபி புரையேறியது எனக்கு. காரணம் இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் தீபாவளி போனஸை முழுசாகக் கொண்டுபோய்க் கொடுத்து நானும் ஒரு கார்டு வாங்கினேன். "இதைப் போடுங்க சார், சும்மா பறக்கும்!" என்றார் கடைக்காரர். போட்டேன். பறக்கவில்லை. ஸ்க்ரீன் மூலையில் 40 என்று காட்டிக்கொண்டிருந்த எண் 44 ஆனது. அவ்வளவுதான்! அந்த நாலுக்குக் கொடுத்த விலையை இன்றுவரை வீட்டில் முழுசாகச் சொல்லவில்லை. (இந்தப் பக்கத்தை மனைவி படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

"அக்கா, பணத்தைத் தொடாதே. மத்தியானம் சாப்பிட வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அக்கா பையன் இன்ஜினீயரிங் கடைசி வருடம். போனதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஸ்க்ரீனில் ஜி.டி.ஏ. 5. 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த அதே பழைய பதிப்பு.

"பாருங்க மாமா, ஊருக்குள்ள ஓட்டினா பரவாயில்ல. மலைப் பக்கம் போனா செத்துடுது. 27-தான் வருது!"

அது என்ன 27? சினிமா மாதிரிதான். விளையாட்டும் அடுக்கடுக்கான படங்கள். ஒரு செகண்டுக்கு எத்தனை படம் என்பதுதான் அந்த எண். 60 படம் வந்தால் வழுக்கிக்கொண்டு போகும். சினிமாவில் படத்தை முன்பே எடுத்து வைத்துவிட்டார்கள். இங்கே அந்தந்த நிமிஷம் வரைந்தாக வேண்டும். 60 வேண்டுமென்றால் ஒரு படத்தை வரைய 16.7 மில்லி செகண்ட்தான் டயம். 30 போதும் என்றால் 33.3. ஒரு செகண்டை ஆயிரமாக நறுக்கி அதில் பதினேழு துண்டுக்குள் ஒரு மலை, ஒரு கடல், நாலு கார், அத்தனைக்கும் நிழல்! நம் ஆபீஸில் ஒரு ஃபைல் நகர எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு மேனேஜரும் ஒரு டைப்பிஸ்ட்டும் இருக்கிறார்கள். பிராசஸர்தான் மேனேஜர். யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கார் எதன்மேல் மோதுகிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு டிக்டேஷன் கொடுப்பார். அதைக் கேட்டுப் படமாக அடித்துத் தள்ளுவது கிராஃபிக்ஸ் கார்டு என்கிற டைப்பிஸ்ட். மேனேஜரே மோட்டுவளையைப் பார்த்து யோசித்து யோசித்துச் சொன்னால், உலக மகா டைப்பிஸ்ட்டைக் கொண்டுவந்து உட்கார வைத்தும் பிரயோஜனமில்லை. என் போனஸ் போன கதை இதுதான்.

யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்கப் பைசா செலவில்லாத பரீட்சை ஒன்று இருக்கிறது. காசு போன பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன். ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். 1920-க்கு 1080 என்றால் படத்தில் 20,73,600 புள்ளிகள். 1280-க்கு 720 என்று குறைத்தால் 9,21,600. டைப்பிஸ்ட் வேலை பாதிக்கும் கீழே! அப்போது எண் சட்டென்று ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறாமல் அங்கேயே நின்றால் மேனேஜர்தான் ஸ்லோ. அப்புறம் கார்டு வாங்குவது தண்டம். என் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை.

பையனுடையதில் 27 குதித்து 50 ஆயிற்று.

"பாத்தீங்களா மாமா! அப்ப கார்டு வாங்கித்தானே ஆகணும்?" முகத்தில் ஆயிரம் வாட்ஸ் வெளிச்சம்.

"இருடா மாப்ளே. டைப்பிஸ்ட் தலையில என்னென்ன கட்டி வெச்சிருக்கேன்னு மொதல்ல பாப்போம்."

ஸெட்டிங்ஸைத் திறந்தால், அடேயப்பா! எதையும் விடாமல் எல்லாவற்றையும் உச்சாணியில் வைத்திருந்தான். ரெசல்யூஷனைப் பழையபடி 1080-க்கே கொண்டுவந்துவிட்டு ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன்.

முதலில் டெக்ஸ்சர். சுவர், ரோடு, சட்டை இவற்றின் மேல் ஒட்டுகிற படத்துணி. இதற்கு வேண்டியது வேகமல்ல, கார்டின் சொந்த மெமரி. எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று இந்த விளையாட்டே ஸெட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. இடம் இருக்கும்வரை உயர்த்தியே வைத்துக்கொள்ளலாம், வேகம் அவ்வளவாகக் குறையாது. இடம் நிரம்பி வழிந்தால்தான் வம்பு. வேண்டியதை எடுக்க ஒவ்வொரு தடவையும் வெளியே ஓட, படம் விக்கும். பையனிடம் 4 ஜிபி. இடம் இருந்தது. கை வைக்கவில்லை.

தூரத்து ரோடு மங்காமல் காட்டும் அனிசோட்ராபிக் ஃபில்டரிங்கும் அப்படித்தான். செலவு கம்மி, அழகு ஜாஸ்தி. 16-லேயே இருக்கட்டும்.

அடுத்தது எம்.எஸ்.ஏ.ஏ. சாய்ந்த கோடுகள் எல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியுமே, அதை இழைத்துவிடுகிற தச்சன். 4 என்று வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் 4 இடத்தில் தொட்டுப் பார்ப்பான். கூலி அநியாயம்! இவனை அனுப்பிவிட்டு எஃப்.எக்ஸ்.ஏ.ஏ. என்கிற தம்பியைக் கூப்பிட்டேன். இவன் வரைந்து முடித்த படத்தின் ஓரங்களை லேசாகத் தேய்த்துவிடுவதோடு சரி. படம் ஒரு சிட்டிகை மங்கும். கூலி கிட்டத்தட்ட இல்லை.

நிழல். நிழல் எங்கே விழும் என்று தெரிய, சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எது எதை மறைக்கிறது என்று காட்சியை இன்னொரு தரம் வரைந்து பார்க்க வேண்டும். இரட்டை வேலை. ஒரே ஒரு படி இறக்கினேன்.

கடைசியாக அசல் குற்றவாளி. "ஊருக்குள்ள பரவாயில்ல, மலைப் பக்கம்தான் சாகுது" என்றானே, அங்கேயே துப்பு கிடைத்துவிட்டது. ஊருக்குள் இல்லாதது மலைப் பக்கம் என்ன இருக்கிறது? புல்! புல்லின் தரம்: அல்ட்ரா. கண்ணுக்கெட்டின தூரம் வரை ஆடுகிற புல்லை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தே பாவம் டைப்பிஸ்ட்டுக்கு விரல் தேய்ந்திருந்தது. 'ஹை' என்று இரண்டு படி இறக்கினேன்.

(உங்களுக்கு ஊருக்குள் திணறுகிறது என்றால் கதையே வேறு. ஜன நெரிசலைக் குறைக்க ஒரு பட்டன் இருக்கிறது. அதைக் குறைத்தால் மேனேஜருக்கு மூச்சு வரும்.)

மறுபடியும் ஸ்டார்ட் செய்து அதே மலை, அதே ரோடு. எண்: 56!

பையன் விடவில்லை. "ஆனா அல்ட்ரா அழகு வருமா மாமா?"

நியாயமான கேள்வி. அவனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு ஸெட்டிங்ஸிலும் ஒரே இடத்தில் படம் எடுத்து வைத்தேன். எது அல்ட்ரா, சொல்லு?

வெகு நேரம் உற்றுப் பார்த்து நம்பிக்கையோடு ஒன்றைக் காட்டினான். தப்பு!

பொய் சொல்லக் கூடாது. மூக்கு ஸ்க்ரீனில் இடிக்கப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. நிழலின் ஓரம் கொஞ்சம் மொரமொர. தூரத்தில் புல் கொஞ்சம் வழுக்கை. ஆனால் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் போலீஸ் துரத்தும்போது புல்லை எவன் எண்ணப்போகிறான்? திக்குவது மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

அல்ட்ரா என்பது சரியான அளவு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பாதி சமயம் அது நாளைய மெஷினுக்குத் தைத்த சட்டை. 2007-ல் க்ரைஸிஸ் வந்தபோது உச்ச அளவில் வைத்தால் அன்றைய விலை உயர்ந்த மெஷின்களே மண்டியிட்டன. 2020-ல் புதுப்பித்து வெளியிட்டபோது உச்ச அளவுக்கு அவர்களே வைத்த பெயர், 'இது க்ரைஸிஸை ஓட்டுமா?' என்கிற பழைய கேலி! இதே ஜி.டி.ஏ. 5 முதலில் வந்தது 2013-ல், மொத்தமே 512 எம்பி மெமரி கொண்ட பெட்டிகளில். அதிலும் ஜனங்கள் சந்தோஷமாகத்தான் விளையாடினார்கள்.

புது விளையாட்டுகளில் ரே ட்ரேசிங் உண்டு. ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று நிஜமாகவே கணக்குப் போடும். கண்ணாடியும் தண்ணீரும் அற்புதமாக இருக்கும், பில்லும் அப்படியே. சின்னக் கார்டுக்காரர்கள் முதலில் அணைக்க வேண்டிய விளக்கு இது. கூடவே டி.எல்.எஸ்.எஸ்., 2021-ல் வந்த எஃப்.எஸ்.ஆர். போன்ற சமாசாரங்கள் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். படத்தைச் சின்னதாக வரைந்து சாமர்த்தியமாகப் பெரிதாக்கித் தரும்.

சாப்பிடும்போது அக்காவிடம் கேட்டேன்: "அந்தச் சீட்டு எதுக்குப் போட்டே?"

"இவனோட கடைசி ஃபீஸுக்குத்தான். கேட்டானேன்னு மனசு கேக்கலை. வேற எங்கயாவது பொரட்டிக்கலாம்னு பார்த்தேன்..."

பையன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். ரொம்ப நேரம் தலை நிமிரவில்லை. அப்புறம் மெதுவாக, "எனக்குக் கார்டு வேணாம்மா. 56 போதும்" என்றான்.

அக்காவுக்கு 56 என்றால் என்னவென்று புரியவில்லை. எனக்கு ஒரு அப்பளம் கூடுதலாகப் போட்டாள்.

பெருமையோடு வீடு திரும்பி மனைவியிடம் முழுக் கதையும் சொன்னேன். ரசித்துக் கேட்டாள். கடைசியில் கேட்டாள்:

"அப்போ... அந்தத் தீபாவளிக்கு நீங்க வாங்கின கார்டு, நெஜமா என்ன விலைங்க?"