நவம்பர் 30: சால்வைக்கு முன் ஒரு சான்றிதழ்

பென்ஷன் தொடர்வதற்கான உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க, முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலோருக்கு நவம்பர் 30 கடைசி நாள். நாள் நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களும் கூடுகின்றன. மூத்தோர் குடியிருப்புகள் பெருகிவிட்ட கோவைப் பக்கத்திலிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: எங்கள் வளாகத்தில் இருக்கும் ராணுவத்தினரைக் கொடி நாளில் எப்படிக் கௌரவிக்கலாம்? கொடி நாள் டிசம்பர் 7. தாராளமாகச் சால்வை போடுங்கள். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே, அவர்கள் பென்ஷன் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வேலை வீட்டிலிருந்தபடியே சில நிமிடங்களில் முடியும் என்கிறது அரசு. முடியும்தான், எல்லாம் சரியாக அமைந்தால். முன்பு வங்கி அலுவலர் நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கிய வேலை இது. இன்று ரேகை தேய்ந்த விரலையும் கண்புரை விழுந்த கண்ணையும் வைத்துக்கொண்டு, தான் உயிரோடு இருப்பதை அந்த முதியவரே கருவியிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் அதைவிட ஆழத்தில் இருக்கிறது. விரல் ரேகை பதிந்து, அல்லது கேமரா முன் கண்ணைச் சிமிட்டி, மின்னணு உயிர்வாழ் சான்றிதழான ஜீவன் பிரமாண் பதிவு முடிந்ததும் கைபேசிக்கு ‘பிரமாண் ஐடி’ வருகிறது. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணுக்கு, சான்றிதழ் உருவானது என்பது மட்டுமே பொருள். பென்ஷன் தரும் அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது என்பதல்ல. பதிவின்போது ‘பென்ஷன் வழங்கும் அமைப்பு எது’ என்று ஒரு பட்டியல் திறக்கும். பணம் வங்கிக் கணக்கில்தானே விழுகிறது என்று பெரியவர் தன் வங்கியைத் தேர்வு செய்துவிடுவார். அங்கேதான் பிசகுகிறது. பாதுகாப்புத் துறையின் இணையவழி பென்ஷன் அமைப்பான ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கு வங்கி வெறும் கணக்கு வைத்திருக்கும் இடம். வழங்கும் அமைப்பு ‘ஸ்பர்ஷ் – பிசிடிஏ (பென்ஷன்ஸ்) அலகாபாத்’; அனுமதிக்கும் அமைப்பு ‘டிஃபென்ஸ் – பிசிடிஏ (பி) அலகாபாத்’. பென்ஷன் ஆணையின் (பிபிஓ) எண் கேட்கும் இடத்தில் பழைய எண்ணைப் போடாமல், ஸ்பர்ஷ் தந்த 12 இலக்க எண்ணைப் போட வேண்டும். இதில் எது தவறினாலும் சான்றிதழ் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. நாட்டின் எல்லையில் நின்றவருக்கு மாதச் செலவுக்கான பணம் வருவதும் வராததும் இந்த ஒரு பட்டியலில் தொங்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 ஏப்ரலில், ஸ்பர்ஷுக்கு மாற்றப்பட்டவர்களில் 58,000-க்கும் மேற்பட்டோருக்கு, அடையாளச் சரிபார்ப்பு முடியாததால் பென்ஷன் வரவில்லை. மே முதல் வாரத்தில் பணத்தைப் போட்ட பாதுகாப்பு அமைச்சகம், சரிபார்ப்புக்கு மே 25 வரை அவகாசம் கொடுத்தது.

ஆகவே குடியிருப்புச் சங்கங்கள் செய்யக்கூடியது இதுதான்: கைபேசி பழகிய ஒருவர் ஒவ்வொரு வீரர் வீட்டுக்கும் போய், ஸ்பர்ஷ் கணக்கைத் திறந்து, அடுத்த அடையாளச் சரிபார்ப்புத் தேதி ஓராண்டு தள்ளிப்போயிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கணவரை இழந்து குடும்ப பென்ஷன் வாங்கும் பெண்களை விட்டுவிடாதீர்கள். மேடையில் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. சான்றிதழ் அவர்களுக்கும் உண்டு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

படுத்த படுக்கையாக இருக்கிறார், என்ன செய்ய? தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார். கட்டணம் 70 ரூபாய்.

ரேகையும் விழவில்லை, முகமும் பிடிபடவில்லை? காகிதச் சான்றிதழில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி ஸ்பர்ஷில் ஏற்றலாம்.

நாள் தவறினால் பணம் போய்விடுமா? போகாது; சான்றிதழ் ஏறியதும் நிலுவையோடு வரும்.

பென்ஷனே இல்லாத முன்னாள் வீரர்? ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து 65 வயது கடந்த வறியவர்களுக்கு, 2025 நவம்பர் முதல் விண்ணப்பித்தால் மாதம் 8,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கொடி நாள் உண்டியலில் போடுவதிலிருந்து.